புல்லைப் பிடுங்கிய இடத்தில்

கொடைக்கானல் ஏரிக்கு மேலே, பழைய மிஷன் பங்களாக்கள் இருக்கும் சரிவுகளில் நடக்கும்போது வேலிக்குள் எட்டிப் பார்க்காமல் என்னால் போக முடிவதில்லை. ரோஜாவும் டேலியாவும் எல்லார் கண்ணிலும் படும். நான் தேடுவது அவற்றுக்குக் கீழே, தரையோடு தரையாகப் படுத்து, கல்லின் மேல் ஏறி, படிக்கட்டு ஓரமாக வழிந்து கிடக்கும் நீலப்பச்சை ஊசியிலைச் செடியை. நர்சரியில் ஜூனிபர் என்று கேட்டால் கொடுப்பார்கள். சைப்ரஸ் மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் சைப்ரஸ் வானத்தைப் பார்த்துப் போகும். இது ஒரு சாண் உயரத்துக்கு மேல் எழும்பாமல் ஆறேழு அடி அகலத்துக்குப் பக்கவாட்டிலேயே ஓடும். வெயிலோ பனியோ, வருடம் முழுக்கப் பச்சை. இந்தச் செடியோடுதான் நான் வளர்ந்தேன். அதனால் இதைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. இது வருவதற்கு முன்னால் அந்த இடத்தில் என்ன இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அப்பா ஒரு மிஷன் பங்களாவில் தோட்டக்காரர். எழுபதுகளின் தொடக்கம். பங்களாவில் இருந்த அம்மாள் அமெரிக்காவின் மெயின் மாநிலக் கடற்கரையில் பிறந்தவர். கீழே சமவெளியில் நர்சாக வேலை பார்த்துவிட்டு, வயதான பிறகு மலையிலேயே தங்கிவிட்டார். அவருடைய ஊரில் கடலை ஒட்டிய பாறைகளின் மேல் இந்த ஜூனிபர் தானாகவே படர்ந்து கிடக்குமாம். ஜூனிபெரஸ் ஹரிசான்டாலிஸ் என்பது அதன் தாவரவியல் பெயர். அலாஸ்காவிலும் கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் மணலிலும் பாறையிலும் வளர்கிற இனம். இன்று உலகம் முழுக்க விற்கும் ‘புளூ ரக்’ வகைக்குத் தாய்ச்செடி, மெயின் மாநிலத்தின் வைனல்ஹேவன் தீவில் 1914-இல் கண்டெடுக்கப்பட்டது. கனெக்டிகட் மாநிலத்தின் சவுத் வில்டன் என்ற ஊரில் நர்சரி நடத்தியவர் அதைப் பெருக்கியதால் ‘வில்டோனி’ என்ற பெயரும் உண்டு. அந்தத் தீவுக்கும் கொடைக்கானலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், மலைக்கு ஆள் வந்த கதையைத்தான் சொல்ல வேண்டும்.

1821-இல் லெப்டினன்ட் வார்ட் இந்த மலையை அளந்து வரைபடம் போட்டார். 1845-இல் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் கீழ்நாட்டுக் காய்ச்சலுக்குத் தப்பி மேலே வந்து சன்னிசைடு, ஷெல்டன் என்று இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். அந்த மிஷனை நடத்திய சங்கத்தின் தலைமையகம் பாஸ்டனில் இருந்தது. பாஸ்டனிலிருந்து வடக்கே போனால் மெயின் கடற்கரை. 1863-இல் மதுரைக் கலெக்டர் வெரே ஹென்றி லெவிஞ்ச் ஓடையை மறித்து ஏரியை உண்டாக்கினார். 1908-இல் வனத்துறை அதிகாரி பிரையன்ட் பூங்காவைத் திட்டமிட்டார். வந்தவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் ஊர்ச் செடியை ஒன்றிரண்டாவது இங்கே நட்டுப் பார்த்தார்கள். ஏழாயிரம் அடி உயரம், வெயில் காலத்திலும் இருபது டிகிரியைச் சுற்றியே நிற்கும் பகல், டிசம்பர் ஜனவரியில் ஏரிக்கரைப் புல்லில் வெள்ளையாகப் படியும் உறைபனி. அவர்களுடைய செடிக்கு இந்த மண் இடம் கொடுத்தது. வீட்டை விட்டுப் பல ஆயிரம் மைல் வந்தவர்களுக்கு வாசலில் ஒரு பழகிய செடி வேண்டியிருந்ததை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். எங்கள் பாட்டியும் பெரியகுளத்திலிருந்து மேலே குடிவந்தபோது முருங்கைக் குச்சி கொண்டுவந்தாள். அது இந்தக் குளிரில் பிழைக்கவில்லை.

அம்மாள் பெங்களூர் நர்சரி ஒன்றுக்குக் கடிதம் எழுதி ஜூனிபர் கன்றுகளை வரவழைத்தார். வத்தலக்குண்டிலிருந்து பஸ் கூரையில் ஏறி வந்த பெட்டியை அப்பா தலையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம்தான். நட வேண்டிய இடம் பங்களாவின் தென்கிழக்குச் சரிவு. காலை வெயில் முழுக்க விழும் இடம்.

அங்கே அப்போது இருந்தது புல்.

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். இன்றைக்குக் கொடைக்கானலுக்கு வருகிறவர்களுக்கு மலைப்புல் என்றால் என்ன என்று தெரிய வாய்ப்பே இல்லை. ஊருக்குள் அது ஏறக்குறைய இல்லாமல் போய்விட்டது. லானில் வளர்கிற புல் மாதிரி இருக்காது. கொத்துக் கொத்தாக, முழங்காலுக்கு மேல், சில இடங்களில் இடுப்பு வரைக்கும் வளரும். மழை முடிந்ததும் கதிர் விட்டு, காற்றில் சரிவு முழுக்க ஒரே திசையில் சாயும். ஜனவரிப் பனியில் காய்ந்து பழுப்பாகும். கோடைமழை இரண்டு விழுந்ததும் அடியிலிருந்து பச்சை கிளம்பும். கொத்துகளுக்கு நடுவே மஞ்சள் பூப்பூக்கும் ஹைப்பெரிக்கம், தொட்டால் காகிதம்போல இருக்கும் வெள்ளை அனாஃபாலிஸ், காட்டு ஸ்ட்ராபெரி, தரைப்பாசிபோலப் படரும் லைக்கோபோடியம், ஓரத்தில் இரண்டு மூன்று குறிஞ்சிப் புதர்கள். இவ்வளவும் அந்தச் சரிவில் இருந்தன. பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூக்கிற குறிஞ்சிக்கு வீடு இந்தப் புல்வெளிதான். காட்டு நிழலில் அது இப்படிப் பூக்காது.

அந்தப் புல்லை அப்பாவும் இன்னும் மூன்று ஆட்களும் பிடுங்கினார்கள். பிடுங்கினார்கள் என்று சொல்வது எளிது. மண்வெட்டிக்கு அது அசையாது. கடப்பாரையை அடியில் விட்டு நெம்பினால்தான் ஒரு கொத்து கிளம்பும். கிளம்பும்போது கூடவே ஒரு கூடை கருமண்ணையும் இழுத்துக்கொண்டு வரும். வேரை உதறி மண்ணைத் திரும்பக் குழியில் போடுவது அக்காவுக்கும் எனக்கும் கொடுத்த வேலை. உதற உதற மண் விழும், வேர் மட்டும் தீராது. மெல்லிய நார் நாராக, பக்கத்துக் கொத்தின் வேரோடு பின்னிக்கொண்டு கிடக்கும். பிடுங்கிய புல் வீணாகவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் கூரை வேயவும் மாட்டுக்குப் போடவும் கட்டுக் கட்டாகத் தூக்கிப் போனார்கள். காடாகக் கிடந்த இடத்தைத் தோட்டமாக்குகிறோம் என்ற நிறைவு எல்லாருக்கும் இருந்தது. அப்பாவுக்கு நாள் கூலிக்கு மேல் ஒரு ஸ்வெட்டரும் கிடைத்தது.

ஐந்தடிக்கு ஒன்றாகக் கன்றுகளை நட்டார்கள். நடுவில் வெறும் மண்.

அக்டோபரில் வடகிழக்கு மழை பிடித்தது. பழனி மலையின் இந்தப் பக்கத்துக்கு மழை அதிகமாக வருவது அக்டோபர், நவம்பரில்தான். அதுவும் சில நாட்களில் ஊற்றித் தள்ளிவிடும். சரிவின் மேல்மண் முழுக்கக் கரைந்து கீழ்ப்பாதையில் வந்து படிந்தது. அந்தப் பாதையில் நாங்கள் அதுவரை அப்படி ஒரு சேற்றைப் பார்த்ததில்லை. அப்பா விடியற்காலையில் சாக்குக் கொங்காணி போட்டுக்கொண்டு, மண்ணோடு இறங்கிவந்த கன்றுகளைத் தேடி எடுத்துத் திரும்ப நட்டார். பிறகு சரிவுக்குக் குறுக்கே வரிசையாகக் கல் அடுக்கினார். கன்றுகளைச் சுற்றிச் சருகு பரப்பினார். அடுத்த வருடமும் கல் அடுக்க வேண்டியிருந்தது. கிளைகள் ஒன்றையொன்று தொட்டு மண் மறைய நாலைந்து வருடம் ஆனது. மண்ணைப் பிடித்து நிறுத்த ஒரு செடி வேண்டும் என்பதற்காக, மண்ணைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்த செடியை எடுத்தார்கள். நட்டது வேலையைக் கற்றுக்கொள்கிற வரைக்கும் கல் அந்த வேலையைப் பார்த்தது.

படர்ந்த பிறகு அந்தச் சரிவு அழகாக இருந்தது. இதை மறைத்துச் சொன்னால் நான் நேர்மையாக இருக்க மாட்டேன். காலை வெயில் பட்டால் வெள்ளி கலந்த நீலம். உறைபனிக் காலத்தில் நுனிகளில் லேசாக ஊதா ஏறும். கையில் கசக்கினால் வரும் வாசனை இன்னும் என் நினைவில் இருக்கிறது. அப்பா அதைப் பிள்ளையைப்போலப் பார்த்துக்கொண்டார். அந்தச் செடியைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் கை வழியாக வந்த அறிவு. பின்னால் நான் படித்த தோட்டக்கலைப் புத்தகங்கள் எல்லாமே அவர் சொன்னதையே சொன்னன.

முழு வெயில் வேண்டும், இது முதல் விதி. நிழலில் வைத்தால் நடுவில் பழுத்து, கிளைகள் கம்பி கம்பியாகிவிடும். தண்ணீர் தேங்கக் கூடாது. களிமண் குழியில் நட்டால் வேர் அழுகும். கொடைக்கானலில் வருடத்துக்குச் சுமார் 1,650 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதனால் சமதரையைவிடச் சரிவும் கல்மேடும்தான் இதற்கு இடம். உரம் அதிகம் கேட்காது. கவாத்து விஷயத்தில் மட்டும் அப்பா யாரையும் கத்தரியோடு அருகில் விட மாட்டார். பச்சை இருக்கிற நுனியில் வெட்டினால் துளிர்க்கும். இலை உதிர்ந்த பழைய கட்டை வரைக்கும் வெட்டினால் அந்தக் கிளை அவ்வளவுதான், திரும்பத் துளிர்க்காது. பாதையை மறைக்கிற கிளையை அடியோடு, மேல் கிளைக்குக் கீழே கை விட்டு எடுப்பார். வெட்டு வெளியே தெரியாது. நவம்பர் மூட்டத்தில் நுனி கருகினால் அதைக் கிள்ளி எரித்துவிடுவார், பூஞ்சை பரவும் என்று. கோடையில் இலை மங்கலாகச் சாம்பல் அடித்தால் சிலந்திப்பேன். விடியற்காலையில் அடியிலிருந்து தண்ணீர் பீய்ச்சினால் போய்விடும். தரையைத் தொட்ட கிளை தானே வேர் விடும். அந்த வேரோடு அறுத்துப் பையில் வைத்தால் ஒரு கன்று. இப்படி ஒரு சரிவிலிருந்து எத்தனையோ வீடுகளுக்குக் கன்று போயிருக்கிறது. வீட்டுச் சுவரை ஒட்டி மட்டும் வைக்க வேண்டாம் என்பார். இலையில் பிசின் இருக்கிறது. காய்ந்த கிளை அடியில் சேர்ந்தால் ஒரு தீப்பொறி போதும்.

இதற்கு இந்தியாவிலேயே சொந்தக்காரர்கள் உண்டு. இமயமலையில் மரம் வளர முடியாத உயரத்தில் ஜூனிபெரஸ் ஸ்குவாமாட்டா பாறையோடு ஒட்டிப் படரும். லடாக்கின் மடாலயங்களில் தூபமாக எரிப்பது ஜூனிபர் இலையைத்தான். தெற்கே வந்தால் கதை வேறு. மேற்குத் தொடர்ச்சி மலைக்குச் சொந்தமான கூம்புத் தாவரம் ஒன்றே ஒன்றுதான், நாகேயா வாலிச்சியானா. அதுவும் அகன்ற இலையோடு மழைக்காட்டுக்குள் நெடுமரமாக நிற்கும். தரையில் படரும் ஊசியிலைச் செடி இந்த மலையில் என்றுமே இருந்ததில்லை. அது இமயத்திலும் மெயின் கடற்கரையிலும் செய்கிற வேலையை இங்கே புல் செய்தது: வெயில் விழும் சரிவை மூடுவது, பனியைத் தாங்குவது, மண்ணைப் பிடிப்பது. கூடவே இன்னொன்றும் செய்தது. மழையை உறிஞ்சி, கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விட்டது. பள்ளத்தாக்குகளில் சோலை, மேட்டில் புல் என்று இரண்டும் சேர்ந்த அமைப்பிலிருந்துதான் மலையின் தண்ணீர் வந்தது.

எங்கள் பங்களாச் சரிவில் நடந்தது சின்ன விஷயம். அதே வருடங்களில் மேல்மலையில் நடந்ததுதான் பெரிது. பேரிஜம் போகிற வழியிலும் கூக்கால், மன்னவனூர்ப் பக்கமும் கண்ணுக்கு எட்டிய வரை புல்லாக இருந்த நிலத்தில் வனத்துறை மரம் நட்டது. தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகை, காகிதக் கூழுக்காகப் பைன், தைல மரம். எங்கள் தெருவில் பாதிப் பேர் அந்த நடவு வேலைக்குப் போனார்கள். மரம் இல்லாத நிலம் பயனில்லாத நிலம் என்ற கணக்கில்தான் திட்டங்கள் போடப்பட்டன. சீகைப் பட்டைக்குப் பின்னால் தேவை குறைந்தது. சீகை பரவுவது மட்டும் நிற்கவில்லை. அதன் விதை மண்ணுக்குள் பல வருடம் காத்திருக்கும். தீ வைத்தாலும் மரத்தை வெட்டினாலும் கூட்டம் கூட்டமாக முளைக்கும். புல் நிழலில் சாகும். 

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 1973-க்கும் 2014-க்கும் இடையில் எடுத்த செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு, பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்றும் நடவு மரக்காடு பன்னிரண்டு மடங்கு பெருகிவிட்டது என்றும் ஓர் ஆய்வு 2018-இல் வெளியானது. நீலகிரியில் கிளென்மார்கன் என்ற இடத்தில் அடுத்தடுத்த இரண்டு ஓடைப் பள்ளத்தாக்குகளில் ஒன்றில் தைலமரம் நட்டு, ஒன்றைப் புல்லாகவே விட்டு, பல வருடம் தண்ணீரை அளந்தார்கள். மரம் நட்ட ஓடையில் முதல் சுற்றிலேயே தண்ணீர் 16 சதவீதம் குறைந்தது. மரத்தை வெட்டித் துளிர்க்கவிட்ட இரண்டாம் சுற்றில் அதைவிடவும் குறைந்தது. மேல்மலை ஊர்களில் பூண்டு போடுகிறவர்கள் கோடையில் ஓடையைப் பார்த்துக் கவலைப்படுவதற்கும் இந்த எண்களுக்கும் தொடர்பு இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

இந்தக் கணக்கில் ஜூனிபரைச் சேர்க்கக் கூடாது என்பதை அழுத்திச் சொல்வேன். அது வேலியைத் தாண்டிப் போனதே இல்லை. பெரும்பாலும் கிளை வைத்துப் பெருக்குகிற செடி. ஆண் செடியும் பெண் செடியும் தனித்தனி என்பதால் ஒரே தாய்ச்செடியின் கன்றுகளில் விதை பிடிப்பதும் அரிது. பங்களாவைச் சுற்றியிருந்த காட்டில் ஒரு ஜூனிபர் நாற்றுகூட முளைத்து நான் பார்த்ததில்லை. வெளியூரிலிருந்து வந்த செடிகளில் இவ்வளவு அடக்கமாக இருந்தது வேறு எது என்று யோசித்தால் எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வந்தது வெளியிலிருந்தா என்பதைவிட, வந்த பிறகு எங்கே நிற்கிறது என்பதே எனக்கு முக்கியம்.

பங்களா இப்போது தங்கும் விடுதி. கை மாறி மாறிப் போய், கடைசியில் யாரிடம் வந்தது என்பது இங்கே தேவையில்லை. 2024 மே மாதத்திலிருந்து மலையேற இ-பாஸ் வேண்டும். அப்படியும் சீசனில் ஏரிச்சாலையைக் கடக்கக் காத்து நிற்க வேண்டும். பழைய சரிவில் பாதியை ஜேசிபி வைத்து நேராக வெட்டிக் கார் நிறுத்த இடம் செய்திருக்கிறார்கள். வெட்டிய சுவரின் தலையில் வரிசையாகப் புது ஜூனிபர். அதன் நோக்கம் மண்ணைப் பிடிப்பது என்று சொல்கிறார்கள். அப்பா இருந்திருந்தால் வேலையை நிறுத்தச் சொல்லியிருப்பார். ஜூனிபரின் வேர் மேல்மண்ணைப் பிடிக்கும். சாய்வான மேட்டில் மழைநீர் அறுப்பதைத் தடுக்கும். ஆள் உயரத்துக்கு மேல் செங்குத்தாக வெட்டிய மண்சுவரைப் பிடித்து நிறுத்த அதனால் ஆகாது, எந்தத் தரைச்செடியாலும் ஆகாது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் கரையேறிக் கொடைக்கானல் வழியாகப் போனபோது மரங்கள் சாய்ந்து சாலைகள் அடைபட்டன, மண் சரிந்தது. அப்பா நட்ட ஜூனிபர் இருந்த மீதிப் பாதிச் சரிவு அப்படியே இருந்தது. அதற்குப் பக்கத்தில் நின்ற சீகைகள் வேரோடு கிளம்பிக் கிடந்தன.

இந்த மாற்றத்துக்கு நடுவில் இன்னொன்றும் நடந்துகொண்டிருக்கிறது. அதை நேரில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும். என் அக்கா மகன் இப்போது புல் நடுகிறான். கூலிக்குத்தான்.

இந்த மீட்பு வேலைக்கு ஒரு முன்கதை உண்டு. பழனி மலைப் பாதுகாப்புக் குழு 1985-இல் தொடங்கியது. நாற்றங்கால் வைத்து மரக்கன்று வளர்த்துக் கொடுத்தது. ராபர்ட் ஸ்டீவர்ட், தான்யா பால்கர் என்ற இருவர் இங்கேயே குடியிருந்து, சோலை மரங்களின் விதையை எப்போது எடுக்க வேண்டும், எப்படி முளைக்க வைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார்கள். வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளை அவர்கள் உருவாக்கியது. திருச்சி ராபினாட் தாவரகத்தை வளர்த்த பாதிரியார் கே.எம். மேத்யூ, பழனி மலையின் தாவரங்களை முழுக்க விவரித்து 1999-இல் வெளியிட்ட தொகுதிகள் இல்லையென்றால், எந்தச் சரிவில் எது இருந்தது என்று சொல்லவே வழி இருந்திருக்காது. 2013-இல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 2022-இல் அந்நியத் தாவரங்களை அகற்றி இயற்கைச் சூழலை மீட்பதற்கென்றே தமிழ்நாடு அரசு ஒரு கொள்கை வகுத்தது.

இப்படித்தான், அப்பா கடப்பாரையால் நெம்பி எடுத்த அதே புல்லை இன்று கொத்துக் கொத்தாகப் பிரித்துப் பையில் வைத்து, நிழல்வலையின் கீழ் தண்ணீர் ஊற்றி, தலையில் சுமந்து மேட்டுக்குக் கொண்டுபோய் நடுகிறார்கள். அன்று பிடுங்கக் கூலி, இன்று நடக் கூலி. நட்ட இடத்தில் சீகை நாற்று முளைத்தால் வருடா வருடம் கையால் பிடுங்க வேண்டும். ஒரு கொத்து பிழைத்துக் கதிர் விட்டால் அக்கா மகன் போனில் படம் எடுத்து எனக்கு அனுப்புகிறான். பிடுங்குவதற்கு ஒரு வாரம் ஆன நிலத்தை மூட எத்தனை வருடம் ஆகும் என்று யாரும் அவனுக்கு உறுதி சொல்ல முடியாது.

இதிலும் அவசரம் கூடாது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்வதை நான் ஏற்கிறேன். பழைய சீகைக் காடுகளின் நிழலில் சில இடங்களில் சோலைக் கன்றுகள் தாமாகவே முளைத்து வருகின்றன. அங்கே மரத்தை மொத்தமாக வெட்டித் தள்ளினால் அந்தக் கன்றுகளும் போகும், சீகை விதைதான் திரும்பவும் முளைக்கும். எங்கே புல் இன்னும் மிச்சமிருக்கிறதோ அங்கே நுழையும் சீகை நாற்றை முதலில் எடுப்பது, சோலை திரும்புகிற இடத்தை விட்டுவைப்பது என்று பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை.

வீட்டுத் தோட்டத்துக்கு என்ன செய்வது என்று கேட்கிறவர்கள் உண்டு. கொஞ்ச நாள் முன்னால் அட்டுவம்பட்டிப் பக்கம் வீடு கட்டிய ஒருவர், பள்ளி ஆசிரியர், சரிவை மூட நூறு ஜூனிபர் வாங்கலாமா என்று கேட்டார்.

“சார், அந்த மேட்டுல இப்ப என்ன இருக்கு?” என்றேன்.

“சும்மா புல்லுதாங்க, சுத்தம் பண்ணணும்” என்றார்.

போய்ப் பார்த்தேன். அசல் மலைப்புல், நடுவே ஹைப்பெரிக்கம், ஒரு குறிஞ்சிப் புதர்கூட. அதைத் தொடவே வேண்டாம், வருடத்துக்கு ஒருமுறை சீகை நாற்றையும் லாண்டானாவையும் பிடுங்கினால் போதும் என்று சொல்லி, வீட்டுக்கு மண் வெட்டிக் கொட்டியதால் வெறுமையாகிவிட்ட முன்பக்கத்து மேட்டில், படியை ஒட்டி, நாலடி ஐந்தடி இடைவெளியில் ஜூனிபர் வைக்கச் சொன்னேன். நடுவில் இடைவெளி மூடும் வரை சருகு போட வேண்டும், குறுக்கே கல் அடுக்க வேண்டும், தண்ணீர் வடிய வழி விட வேண்டும். அதன் பக்கத்தில் கொஞ்சம் மலைப்புல்லும் வைக்கலாம் என்று அவர் ஆசைப்பட்டார். வாங்கப் போனால் எங்கும் இல்லை. ஊரில் இத்தனை நர்சரி இருக்கிறது. ஜூனிபரில் நீலம், தங்க மஞ்சள், பச்சை என்று எல்லாம் பையில் கிடைக்கிறது. இந்த மலையின் சொந்தப் புல் ஒரு பைகூடக் கிடைக்கவில்லை. மீட்பு வேலைக்கு வளர்க்கிறவர்களிடம் அவர்களுக்கே போதாது.

ஒவ்வொரு மே மாதமும் பிரையன்ட் பூங்காவில் மலர்க்கண்காட்சி நடக்கிறது. தோட்டக்கலைத் துறை பல மாதம் முன்பே நாற்று விட்டு அதற்குத் தயாராகிறது. அந்தப் பூங்காவிலேயே வெயில் விழும் ஒரு சரிவை ஒதுக்கி, மலைப்புல்லையும் ஹைப்பெரிக்கத்தையும் அனாஃபாலிஸையும் காட்டு ஸ்ட்ராபெரியையும் குறிஞ்சியையும் நட்டு, பக்கத்திலேயே ஒரு ஜூனிபர் பாத்தியும் வைத்து, இரண்டின் கன்றையும் விற்பனைக்குக் கொடுக்கலாம். மே மாதத்தில் புல் அவ்வளவு பார்வையாக இருக்காது, புதுப்பச்சை வந்துகொண்டிருக்கும் சமயம், பரவாயில்லை. நவம்பரில் கதிர் விட்டபின் வருகிறவர்களும் இருக்கிறார்கள். நடுவதற்கு ஆள் வேண்டுமென்றால் என் அக்கா மகன் தயார். கொத்தைப் பிரிக்கும்போது வேரை எவ்வளவு விட வேண்டும் என்று அவனுக்குத் தெரியும்.